கடலோர மின் ஆட்டோவுக்கு பேட்டரிப் பெட்டி: காற்றை அடைத்து சூட்டை வெளியே விடுவது எப்படி

பேட்டரி சூடாகிறது என்றதும் பெட்டியில் நாலு ஓட்டை போட்டு ஒரு கம்ப்யூட்டர் ஃபேனை மாட்டலாம் என்றுதான் முதலில் தோன்றும். உள்நாட்டு ஊர்களில் அது கொஞ்ச காலம் தாங்கும். கடலூர் முதுநகரிலும் புதுச்சேரி கடற்கரைச் சாலையிலும் தாங்காது. ஃபேன் இழுக்கும் காற்றோடு உப்பும் உள்ளே போய், செல்களைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகையான பிஎம்எஸ்மேல் படியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதா உப்பு ஈரத்தை உறிஞ்சித் தானே நீர்த்துவிடும். நம் கரையில் பெரும்பாலான இரவுகள் அப்படித்தான். அந்த உப்பு நீர்ப்படலம் வழியே செல் வோல்டேஜை அளக்கும் வயர்களுக்கிடையில் மின்னோட்டம் கசியும். பிஎம்எஸ் தப்பான வோல்டேஜைப் படிக்கும், நல்ல செல்லையும் கெட்டது என்று சொல்லி வண்டியை நிறுத்தும். திறந்து பார்த்தால் பித்தளை முனைகளில் பச்சை பூத்திருக்கும்.

அதனால் இங்கே விதி ஒன்றுதான்: பெட்டிக்குள் வெளிக்காற்று போகக்கூடாது, உள்ளிருக்கும் சூடு சுவர் வழியாக வெளியே வரவேண்டும். கீழே சொல்லும் எல்லாமே இதைச் செய்யும் வழிகள்தான்.

கணக்குக்கு எடுத்துக்கொண்ட பேட்டரி, பயணிகள் ஆட்டோவுக்கான 51.2 வோல்ட், 105 ஆம்பியர்-மணி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்). 16 செல் தொடராக, ஒவ்வொன்றும் சுமார் 130 × 36.5 × 200 மி.மீ., 2 கிலோ. உங்கள் செல் வேறாக இருக்கலாம். கையில் வந்தபின் வெர்னியர் வைத்து அளந்துவிட்டு வரைபடத்தைத் தொடங்குங்கள். டேட்டாஷீட் அளவை நம்பித் தகடு வெட்டியவர்கள் கடைசி செல் நுழையாமல் நிற்பார்கள்.

இன்னொன்று. கம்பெனி வண்டியில் ஒப்புதல் பெற்ற பேட்டரியை எடுத்துவிட்டு சொந்தப் பெட்டியை மாட்டினால் வண்டியின் வகை ஒப்புதல் செல்லாது. விற்பனைக்கு என்றால் இரண்டு, மூன்று சக்கர வண்டிகளுக்கான ஏஐஎஸ்-156 விதிப்படி சோதித்து வாங்கவேண்டும். நமக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கும் வாகனச் சோதனை மையமான ஜிஏஆர்சி அதற்கான இடங்களில் ஒன்று. இது முன்மாதிரி செய்பவர்களுக்கான குறிப்பு.

முதலில் சூட்டுக் கணக்கு

செல் ஒன்றுக்கு ஓடும்போதுள்ள மின்தடை ஏறத்தாழ 1 மில்லி ஓம் என்று வையுங்கள். 16 செல்லுக்கு 16, பஸ்பார் (செல்களை இணைக்கும் செம்புப் பட்டை), பிஎம்எஸ், லக் (வயர் முனை) எல்லாம் சேர்த்து இன்னும் 4, ஆக 20 மில்லி ஓம். சூடு என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கியது. 50 ஆம்பியரில் 50 வாட், 100 ஆம்பியரில் 200 வாட். 30 ஆம்பியரில் சார்ஜ் போடும்போது 18 வாட்தான்.

50 வாட் என்பது ஒரு பழைய குண்டு பல்பின் சூடு. 32 கிலோ செல்லை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 32 கிலோஜூல் வேண்டும். 50 ஆம்பியரில் 2 மணி நேரம் ஓட்டி பேட்டரியைக் காலி செய்தால், ஒரு துளி சூடும் வெளியேறாவிட்டாலும் 11 டிகிரிதான் ஏறும். ஆக ஆட்டோ பேட்டரிக்குப் பெரிய எதிரி அதன் சொந்தச் சூடு இல்லை. கத்திரி வெயிலில் 40 டிகிரி காற்றும், 60 டிகிரியைத் தாண்டும் தார்ச்சாலையும்தான். பாதி வேலை சூட்டை வெளியேற்றுவது, மீதிப் பாதி வெளிச்சூட்டை உள்ளே விடாமல் தடுப்பது. ஆட்டோவுக்கு பம்பும் ரேடியேட்டரும் தேவையில்லை என்று இங்கே ஒதுக்குவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

தொட்டி

3 மி.மீ. 5052 அலுமினியத் தகட்டில் மடித்து, மூலைகளை டிக் வெல்டிங்கில் விடாமல் பற்றவையுங்கள். உள்ளளவு 420 × 290 × 250 மி.மீ. இரண்டு வரிசையில் எட்டெட்டு செல், ஒரு முனையில் பிஎம்எஸ்ஸுக்கு 70 மி.மீ. இடம், மேலே மூடிவரை 35 மி.மீ. இடைவெளி இதில் அடங்கும். புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைப் பக்கம் வேலை கொடுத்தால் அலுமினியம் டிக் தெரிந்தவரா என்று முதலில் கேளுங்கள். சில்வர் டேங்க் பற்றவைக்கும் கை வேறு, அலுமினியக் கை வேறு.

சில்வர் தகடு, அதாவது 304, துருப்பிடிக்காதே என்று அதில் செய்யச் சொல்வார்கள். அது சூட்டைக் கடத்தும் திறன் அலுமினியத்தில் எட்டில் ஒரு பங்குகூட வராது. பெட்டி பளபளப்பாக இருக்கும், செல் உள்ளே வேகும்.

அடிப்பலகை 6 மி.மீ. அதன் வெளிப்புறம் வண்டி ஓடும் திசையில் 20 மி.மீ. உயரத் துடுப்புகள் (சூட்டைக் காற்றில் விடும் ஃபின் தகடுகள்), இடைவெளி 12 மி.மீ. அதற்குக் குறைத்து நெருக்கமாக வைத்தால் காகிதக் கணக்கில் பரப்பு கூடும், ஐப்பசி மழையில் சேறு அடைத்துக்கொண்டு அதுவே போர்வையாகிவிடும். இந்த அளவில் மொத்தம் சுமார் 0.4 சதுர மீட்டர் கிடைக்கும். 30 கி.மீ. வேகத்தில் 50 வாட்டைக் கடத்த வெளிக்காற்றைவிட 6 டிகிரி அதிகம் போதும். நிறுத்தி சார்ஜ் போடும்போது 18 வாட்டுக்கு 9 டிகிரி.

பவுடர் கோட்டிங் 60 முதல் 80 மைக்ரான், எல்லாத் துளைகளும் போட்டபின். "பூச்சு போட்டால் சூடு வெளியேறாதே" என்பது தப்பு. அந்தத் தடிமனில் பூச்சின் தடை கணக்கில்கூட வராது. மாறாக, பளபளப்பான அலுமினியம் கதிர்வீச்சாக வெளிவிடும் சூடு மிகக் குறைவு, பூச்சுள்ளது அதைப்போல் பல மடங்கு வெளிவிடும். எந்த நிறமாக இருந்தாலும் சரி, வெயில் நேரே படும் பக்கத்துக்கு மட்டும் வெள்ளை.

மூடி உட்காரும் விளிம்புக்கு 25 × 6 மி.மீ. பட்டையைப் பற்றவையுங்கள். வெல்டிங் சூட்டில் அது நெளியும். மட்டப்பலகையில் கவிழ்த்து ஃபீலர் கேஜ் விட்டால் 0.5 மி.மீ. எங்கும் நுழையக்கூடாது. நுழைந்தால் மில்லிங்கில் ஓட்டி மட்டமாக்குங்கள். கேஸ்கட் பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள்.

வெல்டிங் ஒழுகுகிறதா என்று பார்க்கப் பழைய வழியே போதும். வெளிப்புறத் தையல்மேல் சுண்ணாம்புக் குழம்பு பூசிக் காயவிட்டு, உள்ளே தையல் நெடுக மண்ணெண்ணெய் தடவி அரைமணி நேரம் விடுங்கள். ஊசித்துளை இருந்தால் வெள்ளையில் கறையாகத் தெரியும்.

செல் அடுக்கு

செல்லின் மேல் இருக்கும் நீல உறையை மின்காப்பு என்று நம்பவேண்டாம். அதிர்வில் அது தேய்ந்து கிழியும், உள்ளே அலுமினிய ஓடு மின்னழுத்தத்தோடு இருக்கும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே 2 மி.மீ. ஏரோஜெல் தகடு வையுங்கள். ஒரு செல் கட்டுமீறி எரிந்தால் பக்கத்துச் செல்லுக்குச் சூடு தாவாமல் தடுப்பது அதுதான். பெட்டிச் சுவர் பக்கம் 0.5 மி.மீ. கண்ணாடி-எபாக்சித் தகடு போதும். தெர்மாகோல் துண்டு செருகும் பழக்கத்தை விடுங்கள், அது எரியும் பொருள்.

இரு முனையிலும் 10 மி.மீ. அலுமினியப் பலகை வைத்து, காப்புக் குழாய் போட்ட நீளக் கம்பியால் இறுக்குங்கள். எவ்வளவு அழுத்தம் என்பது செல் டேட்டாஷீட்டில் இருக்கும். அழுத்தமே இல்லாவிட்டால் செல் ஊதி பஸ்பாரை இழுக்கும். அளவுக்கு மீறினால் உள்ளே இருக்கும் பிரிப்பான் படலம் நசுங்கும்.

செல்லின் அடிக்கும் பலகைக்கும் நடுவே 1.5 மி.மீ. வெப்பக்கடத்தி ரப்பர் பேட், கடத்துதிறன் 2 வாட் (மீட்டர்-கெல்வினுக்கு) வகை. 50 வாட்டுக்கு இதில் அரை டிகிரிகூட இழப்பு வராது, 6 வாட் விலையுயர்ந்த பேட் வாங்குவது வீண். கவனிக்கவேண்டியது வேறு: செல்லின் உச்சியிலிருந்து அடிவரை சூடு இறங்கும் பாதையிலேயே 50 ஆம்பியரில் 4 டிகிரி வித்தியாசம் வரும். 100 ஆம்பியரை நெடுநேரம் இழுக்கும் சரக்கு வண்டி என்றால் அது 16, 17 டிகிரி ஆகும். அப்போது இரண்டு செல்லுக்கு ஒன்றாக 1 மி.மீ. அலுமினியத் தகட்டை 'எல்' வடிவில் மடித்து நடுவே இறக்கி, கால் பகுதியை அடிப்பேட்மேல் உட்காரவையுங்கள். தகட்டின் இரு முகத்திலும் காப்புப் படலம் கட்டாயம். தகடுகளின் தடிமனைச் சேர்த்துப் பெட்டி நீளத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பஸ்பார் 20 × 3 மி.மீ. செம்பு, வெள்ளீயம் அல்லது நிக்கல் பூசியது, நடுவில் ஒரு வளைவோடு. நேர்ப்பட்டை வைத்தால் வேகத்தடை ஏறி இறங்கும் ஒவ்வொரு அடியும் செல் முனையில் விழும். எம்6 முனைகளுக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சில். அடிக்கும் கன் வேண்டாம், அலுமினிய மரை உருவிக்கொண்டு வந்துவிடும். மோதிரம், கைச்செயின் கழற்றி வைத்துவிட்டு, காப்பிட்ட ஸ்பேனரில் வேலை செய்யுங்கள். 58 வோல்ட் பெரிதாக ஷாக் அடிக்காது, ஆனால் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும்.

இறுக்கியபின் 50 ஆம்பியர் ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் மில்லிவோல்ட் பாருங்கள். எல்லாம் 2, 3 மில்லிவோல்ட் காட்ட, ஒன்று மட்டும் 8 காட்டினால் அதைக் கழற்றி ஸ்காட்ச்-பிரைட்டால் தேய்த்துத் திரும்பப் பூட்டுங்கள். பின்னாளில் கருகும் இணைப்பு அதுவாகத்தான் இருக்கும்.

வெப்ப உணரி குறைந்தது நான்கு: இரு வரிசையிலும் நடுச்செல்லின் உச்சியில் ஒவ்வொன்று, பிளஸ் பஸ்பாரில் ஒன்று, பிஎம்எஸ்ஸில் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் பக்கம் ஒன்று. ஓரச்செல்லில் வைத்தால் எப்போதும் குளிர்ச்சியாகவே காட்டும். பிஎம்எஸ்ஸைப் பக்கச்சுவரில் வெப்பப் பேட் வைத்து ஒட்டிவிடுங்கள், அதற்கென்று ஃபேன் வேண்டாம்.

கேஸ்கட்

6 மி.மீ. தடிமன், 12 மி.மீ. அகலம், மூடிய நுரை வகை சிலிக்கோன் அல்லது இபிடிஎம் ரப்பர். நசுங்கியபின் 4 மி.மீ. ஆகவேண்டும். போல்ட் தோறும் 4 மி.மீ. உயர வாஷர் வைத்துவிட்டால் யார் எவ்வளவு இறுக்கினாலும் அதற்குக் கீழே நசுங்காது. எம்5 போல்ட், 60 மி.மீ.க்கு ஒன்று. துளைகள் கேஸ்கட்டுக்கு வெளியே இருக்கவேண்டும். உள்பக்கம் போட்டால் ஒவ்வொரு போல்ட்டும் ஒரு குழாய். ரிவ்நட் (தகட்டில் பதிக்கும் மரை) என்றால் அடி மூடிய வகை.

கேஸ்கட்டின் இரு முனை சேருமிடம் மூலையில் வரக்கூடாது, நேர்ப்பக்கத்தில் சாய்வாக வெட்டி ஒட்டுங்கள். ஒட்டும் சிலிக்கோனை மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டிக் வகை, வெளிவரும் அமிலம் மூடிய பெட்டிக்குள் செம்பை அரிக்கும். நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள்.

போல்ட் 316 சில்வர். அலுமினியமும் சில்வரும் உப்புநீரும் சேர்ந்தால் அதுவே ஒரு பேட்டரி, அரிபடுவது அலுமினியம். போல்ட் தலைக்குக் கீழே நைலான் வாஷர் போடுங்கள். மரையில் செம்பு கலந்த கிரீஸ் தடவாதீர்கள், அது அரிப்பை இன்னும் கூட்டும்.

மூச்சுத்துளை

எல்லாவற்றையும் இப்படி இறுக மூடிவிட்டால் போதும் என்று நினைத்துத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மதிய ஓட்டத்தில் உள்ளே காற்று 55 டிகிரி. திடீர் மழை, தெருவில் தேங்கிய தண்ணீரில் வண்டி இறங்குகிறது, பெட்டி 28 டிகிரிக்குக் குளிர்கிறது. உள்ளழுத்தம் 8 சதவீதம், அதாவது 8 கிலோபாஸ்கல் குறையும். 80 செ.மீ. ஆழத் தண்ணீர் கேஸ்கட்டை அழுத்துவதற்குச் சமம் அது. பெட்டி முழங்கால் தண்ணீரில்தான் நிற்கிறது, ஆனால் ஸ்ட்ரா வைத்ததுபோல் உறிஞ்சுகிறது. ஒரு தடவையில் ஒரு ஸ்பூன் தண்ணீர் போனாலும் அது வெளியே வர வழியில்லை.

இதற்கு எம்12 மரையில் வரும் ஐபி67 தர (தூசும், முக்கினால் தண்ணீரும் புகாத தரம்) மென்படல வென்ட் ஒன்று போதும். இபிடிஎஃப்இ படலம் காற்றையும் ஆவியையும் விடும், தண்ணீரை விடாது. பக்கச்சுவரின் மேல்பாதியில், வண்டியின் பின்பக்கம் பார்த்து மாட்டி, மேலே ஒரு சின்னத் தகட்டு மறைப்பு வையுங்கள். வாட்டர் சர்வீஸில் பீய்ச்சும் தண்ணீர் ஐபி67 சோதனையில் வருவதல்ல. நேரே அடித்தால் படலம் கிழியும்.

இது வேறு, வெடிப்பு வென்ட் வேறு. ஒரு செல் கட்டுமீறினால் வரும் வாயு, பெட்டிக்குள் மிச்சமிருக்கும் 15 லிட்டர் இடத்தைப்போல் பல மடங்கு. அதில் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, கொஞ்சம் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் உண்டு. சின்னப் படலம் அதைத் தாங்காது, மூடி பிய்த்துக்கொண்டு சீட்டுக்கு அடியில் கிளம்பும். பின்சுவரில் 50 மி.மீ. துளை, அதன்மேல் குறைந்த அழுத்தத்தில் கிழியும் தகடு அல்லது ஸ்பிரிங் வால்வு, வாய் தரையையும் பின்பக்கத்தையும் பார்க்கவேண்டும். பயணி கால் வைக்கும் பக்கம் எக்காரணம் கொண்டும் கூடாது.

வயர், ஃபியூஸ்

25 சதுர மி.மீ. செம்பு வயர், வயர் நுழையுமிடத்தை இறுக அடைக்கும் ஐபி68 கிளாண்ட், கிளாண்டுக்கு முன்னால் வயரைக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள், அப்போதுதான் வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஃபியூஸ் 125 ஆம்பியர், 80 வோல்ட் டிசி அல்லது அதற்கு மேல், பெட்டிக்குள் பிளஸ் முனைக்கு ஒட்டினாற்போல். கார் ஃபியூஸ் 32 வோல்ட்டுக்கானது. 58 வோல்ட் டிசியில் அது உருகியபின்னும் தீப்பொறி அணையாமல் நின்று எரியும். பிஎம்எஸ் பலகைக்கு அக்ரிலிக் பூச்சு அடியுங்கள். மூடியை மழைநாளில் மூடாதீர்கள், ஏசி அறையில் ஒருநாள் திறந்து வைத்துவிட்டு அங்கேயே மூடுங்கள்.

சோதனை

செல் போடுவதற்கு முன்னால் பெட்டியைச் சோதிக்கவேண்டும். முதலில் காற்று. வென்ட் துளையில் ஒரு டியூப் மாட்டி, டி-இணைப்பின் ஒரு கிளையில் சைக்கிள் பம்பு, மறுகிளையில் 'யு' வடிவில் வளைத்த தெளிந்த லெவல் டியூப். வெடிப்பு வென்ட் துளையைத் தகடு வைத்து மூடிக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்ட வித்தியாசம் 50 செ.மீ. வரும்வரை ஏற்றி நிறுத்துங்கள். அதுதான் 5 கிலோபாஸ்கல். அந்த அழுத்தத்திலேயே மூடியின் மேல் 60 கிலோவுக்கு மேல் விசை இருக்கும், அதைத் தாண்டி ஏற்றினால் தகடு புடைத்துவிடும்.

இனிமேல்தான் பொறுமை. பெட்டிக்குள் காற்று ஒரு டிகிரி மாறினால் தண்ணீர் மட்டம் 3 செ.மீ.க்கு மேல் நகரும். ஜன்னல் வெயில் பட்டாலும், மூடியில் உள்ளங்கை வைத்தாலும் அளவு மாறும். நிழலில், ஃபேனை நிறுத்திவிட்டு, 10 நிமிடம் விட்டபின் அளவைக் குறித்து, அடுத்த 5 நிமிடத்தில் 1 செ.மீ.க்கு மேல் இறங்காமல் இருந்தால் நல்ல பெட்டி. இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பெரும்பாலும் குமிழி வருவது கேஸ்கட் சேரும் இடத்திலோ கிளாண்டிலோதான்.

அடுத்து முக்கிச் சோதனை. ஐபிஎக்ஸ்7 என்பது 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம். 200 லிட்டர் டிரம் உயரம் போதாது, தொட்டியோ கிணற்று உறையோ வேண்டும். காலிப் பெட்டி மிதக்கும். செல் எடைக்கு ஈடாக 32 கிலோ இரும்புத் துண்டை உள்ளே வைத்தால் தானே மூழ்கும். அடியிலும் நாலு மூலையிலும் நியூஸ்பேப்பர் விரித்து, அதன்மேல் காப்பிங் பென்சில் தூள் தூவி மூடுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் ஊதாக் கறை காட்டிக்கொடுக்கும். மென்படல வென்ட் மாட்டியபடியே, பெட்டியை வெயிலில் 2 மணி நேரம் காயவைத்துச் சூடாக முக்குங்கள். ஆறிய பெட்டியை முக்குவது பாதிச் சோதனைதான்.

30 நிமிடம் என்பதும் சோதனைக்கூட அளவு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற பள்ளப் பகுதிகளில் தண்ணீர் அரைமணியில் வடிகிற கதையே இல்லை. முக்கி வைத்த பெட்டியை ஒரு ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் எடுங்கள்.

செல் போட்டபின், பிஎம்எஸ் வயரைச் செருகுவதற்கு முன், முனைக்கும் பெட்டிக்கும் இடையே 500 வோல்ட் மெகர் (மின்காப்பை அளக்கும் கருவி) வையுங்கள். 20 மெகா ஓமுக்கு மேல் வரவேண்டும். பிஎம்எஸ் மாட்டியபின் மெகர் அடித்தால் பலகை போய்விடும்.

வண்டியில் மாட்டுதல்

மொத்தம் 45 கிலோ வரும். 10 மடங்கு அதிர்ச்சிக்குக் கணக்கிட்டால் 4.4 கிலோநியூட்டன். நாலு எம்8 போல்ட் அதைச் சுலபமாகத் தாங்கும். பிய்வது 3 மி.மீ. தகடுதான். அதனால் தாங்கு கிளிப்பைச் சுவரில் ஒட்டாமல், 6 மி.மீ. அடிப்பலகையில் பிடித்து சேசிஸுக்குக் கொண்டுபோங்கள். அடியில் 2 மி.மீ. இரும்புக் காவல்தகடு, துடுப்பு நுனிக்கும் அதற்கும் 15 மி.மீ. இடைவெளி, முன்னும் பின்னும் திறந்து. கல்லையும் தாங்கும், தார்ச்சாலையின் கதிர்ச்சூட்டையும் மறைக்கும், நடுவே காற்றும் ஓடும்.

நாலு சக்கர வண்டி, வேகச் சார்ஜிங் என்றால் மட்டும் திரவக் குளிரூட்டல். 1 கிலோவாட் சூட்டை 3 டிகிரி வித்தியாசத்தில் எடுக்க, தண்ணீரும் கிளைக்காலும் (கூலன்ட் திரவம்) பாதிக்குப்பாதி சேர்ந்த கலவை நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடவேண்டும். குழாய் இணைப்புகள் எல்லாம் பெட்டிக்கு வெளியே. போர்வெல் தண்ணீர் ஊற்றினால் அதன் குளோரைடே தகட்டைத் துளைத்துவிடும், டீமினரலைஸ்டு தண்ணீர்தான். வெளியே 40 டிகிரி என்றால் ரேடியேட்டரால் அதற்குக் கீழே இறக்க முடியாது, 35 வேண்டுமென்றால் ஏசியோடு சேர்ந்த சில்லர் தேவை.

ஓட்டத்தில்

பிஎம்எஸ்ஸில் 50 டிகிரிக்கு எச்சரிக்கை, 55க்குச் சார்ஜ் நிறுத்தம், 60க்கு வண்டி நிறுத்தம், 45க்கு இறங்கியபின் திரும்பச் சார்ஜ். மே மாத மதியத்தில் ஓட்டி வந்ததும் சார்ஜர் ஏற்கவில்லை என்று டிரைவர் புகார் சொன்னால், அது பழுதல்ல. மாதம் ஒருமுறை காவல்தகட்டைக் கழற்றித் துடுப்பில் அடைத்த சேற்றைக் குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவுங்கள். மூடியைத் திறந்த ஒவ்வொரு முறையும் புது கேஸ்கட்.

வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால் தண்ணீர் வடிந்ததும் சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். திறந்த வெளியில் தள்ளி நிறுத்தி, 24 மணி நேரம் கழித்து செல் வோல்டேஜ்களைப் பாருங்கள். ஒன்று மட்டும் இறங்கிக்கொண்டே போனால் பெட்டிக்குள் தண்ணீர் இருக்கிறது. முகத்துவாரப் பக்கத்து உப்புத் தண்ணீர் புகுந்த செல்லைக் கழுவிக் காயவைத்து மறுபடி போடவே வேண்டாம், மறுசுழற்சிக்கு அனுப்பிவிடுங்கள்.